தண்ணீர் நிற்கும் மூலைக்குத் தாழை: வீட்டில் வளர்ப்பது பற்றி

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஏழு சென்ட் மனை. பின்மூலை பள்ளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கி, வடிவதற்குத் தை பிறந்துவிடுகிறது. போர் தண்ணீர் உப்பு. வைத்த செம்பருத்தியும் மல்லிகையும் கருகிப் போயின. அந்த மூலையில் மண் கொட்டி மேடாக்குவதா, இல்லை பாட்டி வீட்டு வாய்க்கால் ஓரம் இருந்ததுபோல் தாழம்பூ வைக்கலாமா? வைத்தால் பாம்பு வருமா? பூக்க எத்தனை வருஷம் ஆகும்? நர்சரியில் வெள்ளை வரி ஓடிய இலையோடு ஒரு செடியைக் காட்டித் தாழை என்கிறார்களே, அதை வாங்கலாமா?

மண் கொட்டாதீர்கள். தாழை வையுங்கள். நர்சரியில் காட்டியது நீங்கள் தேடும் செடி இல்லை. பாம்பு பற்றிப் பயப்பட வேண்டியது பூவின் வாசனைக்காக இல்லை, வேறு காரணத்துக்காக. அதற்கு வழி இருக்கிறது. ஆண் செடியிலிருந்து எடுத்த கன்று என்றால் பூவுக்கு மூன்று, நான்கு வருஷம் பொறுக்க வேண்டும். இனி ஒவ்வொன்றாக.

முதலில் அந்தப் பள்ளம். உங்கள் பகுதி மணல் மேடும் அதன் பின்னால் தாழ்வுமாக, கடலுக்கு இணையாக அடுக்கடுக்காக அமைந்த நிலம். மணலில் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீர் கனமானது, அதனால்தான். நாம் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அந்தப் படலம் மெலிந்து, கீழிருக்கும் உப்பு மேலே ஏறுகிறது. அந்தப் படலத்துக்குத் திரும்பத் தண்ணீர் கொடுப்பது இப்படிப்பட்ட பள்ளங்கள்தாம். மூன்று மாதம் உங்கள் மூலையில் நிற்கும் தண்ணீர் சும்மா நிற்கவில்லை, கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. நாலு லோடு மண்ணோ, வீடு இடித்த கட்டடக் கழிவோ கொட்டி மேடாக்கினால், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்களும் மேடாக்குவார்கள். பிறகு தெருவில் நிற்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்கிறார்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது அதில் இடம் பெற்றது சுமார் 1,247 ஹெக்டேர். இடையில் போன நிலமெல்லாம் ஒரே நாளில் போகவில்லை, மனை மனையாக மண் கொட்டித்தான் போனது. எனவே உங்கள் மூலையை அப்படியே விட்டு, அதில் வாழப் பிறந்த செடியை வைக்கிறீர்கள் என்றால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தாழை நம் கடற்கரைக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் சொந்தமான புதர். தாவரவியலில் பாண்டானஸ் ஓடோரிஃபர் என்பார்கள். பழைய புத்தகங்களில் பாண்டானஸ் ஓடோராட்டிஸிமஸ், ஃபாசிகுலாரிஸ் என்றெல்லாம் இருக்கும், எல்லாம் இதுதான். சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்தைச் சொல்ல வந்தால் தாழை வராமல் இருக்காது. காவிரி டெல்டாவில் வாய்க்கால் கரை சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தது இதுதான். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இதையே கைதை என்று சொல்லி, காயலோர வரப்பு கரையாமல் இருக்க வரிசையாக நட்டிருப்பார்கள். கரைகளைக் கான்கிரீட் போட்டுப் பூசத் தொடங்கியதும் முதலில் வெட்டப்பட்டது இந்தப் புதர்கள்தாம். இப்போது நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தாழம்பூ என்றால் குங்குமப் பாக்கெட்டில் வரும் வாசனை மட்டும்தான்.

ஒரு முதிர்ந்த தாழையைக் கிட்டே போய்ப் பாருங்கள். அடிமரம் நேராக நிற்காது, சாய்ந்து, படுத்து, எழுந்து போகும். அதிலிருந்து கட்டை விரல் பருமனுக்கு வேர்கள் சாய்வாக இறங்கி மண்ணில் ஊன்றியிருக்கும். இன்னும் மண்ணைத் தொடாத வேர் ஒன்றின் நுனியைப் பிடித்துப் பாருங்கள்: மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன், நுனியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த தோல், அதற்குள் இன்னொன்று, அதற்குள் வெளிர்நிறத்தில் ஈரமாக இன்னொன்று என்று தொப்பி மேல் தொப்பியாக அடுக்கியிருக்கும். பள்ளிக்கூடப் பாடத்தில் பல்லடுக்கு வேர்மூடிக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். காற்றில் தொங்கும் காலம் முழுக்க வளரும் நுனி காயாமல் காப்பது அந்த அடுக்குகள்தாம். மண்ணைத் தொட்டதும் கீழே நார் நாராகக் கிளைத்துப் பிடித்துக்கொள்ளும். ஈர மணலில், இடுப்பளவு வெள்ளத்தில், புயல் காற்றில் இது சாயாமல் நிற்பது இந்த முட்டு வேர்களால். வீட்டுக்கு வெள்ளையடிக்க இந்த வேரைத்தான் வெட்டி, நுனியை நசுக்கி, நார் பிரித்து மட்டையாக்குவார்கள். பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சரி, கன்று எங்கே வாங்குவது? இந்த விஷயத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாழையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வாசனை ஆண் பூவுக்குத்தான். நாம் தாழம்பூ என்று தலையில் வைப்பதும் புடவைக்குள் வைப்பதும் அந்த ஆண் பூங்கொத்தைச் சுற்றியிருக்கும் வெளிர் மஞ்சள் மடல்களை. பெண் செடியிலும் பூ வரும், ஆனால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். அதன் பிறகு அன்னாசிப் பழ அளவில், பட்டை பட்டையாகப் பிரிந்த உருண்டைக் காய் தொங்கும், பழுத்தால் ஆரஞ்சு நிறம். பார்க்க அழகுதான். ஆனால் பூவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. பூக்கிற வரை இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இலை ஒன்றே, முள் ஒன்றே, வேர் ஒன்றே. விதையிலிருந்து முளைத்த கன்றை வாங்கினால் எது வாய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, பூக்கவும் அதிக வருஷம் ஆகும்.

ஒடிஷாவில் கஞ்சம் மாவட்டக் கடற்கரையோரம் தாழம்பூவை நம்பித்தான் பல கிராமங்கள் பிழைக்கின்றன. கேவ்டா (தாழம்பூவுக்கு இந்தியில் அதுதான் பெயர்) அத்தரும் பிரியாணியில் தெளிக்கும் கேவ்டா தண்ணீரும் பெருமளவு அங்கிருந்துதான் வருகின்றன. கஞ்சம் தாழம்பூவுக்கும் அதிலிருந்து வடிக்கும் சுத்தமான எண்ணெய்க்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே வேலி ஓரத்திலும் ஓடைக் கரையிலும் நிற்பவை ஆண் செடிகள். விடியற்காலையில் பூ பறித்து, அன்றே செம்புப் பானையில் ஏற்றி வடிக்கிறார்கள். அந்த எண்ணெயில் பெரும் பங்கு பினைல் எத்தில் மெத்தில் ஈதர் என்ற ஒரே பொருள். தாழம்பூ என்றதும் நமக்கு நினைவு வரும் வாசனையே அதுதான். அவர்கள் விதை போடுவதில்லை. பூத்த ஆண் செடியின் பக்கக் கன்றை வெட்டித்தான் நடுகிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

அதாவது, பூத்ததை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ கண்ணால் பார்த்த செடியிலிருந்து கன்று எடுக்க வேண்டும். உங்கள் பாட்டி ஊரில் இன்னும் நிற்கிறது என்றால் அதைவிட நல்லது கிடையாது. பூக்காத காலத்தில் ஆண் செடியை அடையாளம் காண ஒரு வழி, அக்கம்பக்கத்தில் கேட்பதுதான். எந்தத் தாழையில் பூ வெட்டினோம் என்பதை ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். நிலத்துக்காரரைக் கேட்டு, ஒரே ஒரு பக்கக் கன்றை எடுங்கள். கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ நிற்கும் புதரை வேரோடு பெயர்த்துக்கொண்டு வருவது வேண்டாம். அது அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேலும் முழுச் செடியைவிடக் கன்றுதான் நன்றாகப் பிடிக்கும்.

நர்சரியில் காட்டிய வெள்ளை வரித் தாழை அலங்காரத்துக்காக வளர்க்கும் அயல்நாட்டு வகை. பெரும்பாலும் ஹோட்டல் வாசலிலும் ரவுண்டானாவிலும் பார்க்கலாம். அதிலிருந்து தாழம்பூ எதிர்பார்க்க முடியாது. ரம்பை என்றும் பிரியாணி இலை என்றும் விற்கும் சின்னச் செடியும் தாழை இனம்தான். இலங்கைச் சமையலில் கறிவேப்பிலையோடு ரம்பை இல்லாமல் இறைச்சிக் கறி இல்லை. ஆனால் அதற்கு அரைநிழலும் நல்ல தண்ணீரும் வேண்டும், முள்ளும் கிடையாது, பூவும் காண முடியாது. அது சமையலறை ஜன்னல் ஓரத்துக்கான செடி, உங்கள் உப்பு மூலைக்கு ஆகாது. அப்புறம் சில ஊர்களில் ரயில் பாதை ஓரத்து நார்க் கற்றாழையையும் தாழை என்று சொல்வார்கள். அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. இலை தடித்து, சதைப்பற்றோடு, நுனியில் ஒற்றை ஊசி முள்ளோடு இருக்கும். நம் தாழை இலை மெல்லியது, நீளமானது, நடுவில் மடிந்து தொங்கும். இரண்டு ஓரத்திலும், அடிப்பக்கம் நடு நரம்பிலும் என்று மூன்று வரிசை முள் இருக்கும். இலைகள் தண்டைச் சுற்றித் திருகலாக ஏறும். இந்த மூன்று வரிசை முள்ளும் திருகலும் இருந்தால் போதும், சரியான செடிதான்.

நடுவது உங்கள் பகுதியில் ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ இருக்கட்டும். சென்னைப் பக்கம் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதற்கு முன்னால் சாயங்கால இடிமழையில் கன்று வேர் பிடித்துவிட வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு நட்டால் வேர் இல்லாத தண்டு தண்ணீரில் நின்று அழுகும். சித்திரையில் நட்டால் வெயிலில் வாடும். அந்த இரண்டு மாத இடைவெளிதான் நேரம்.

கன்று ஒன்றரை, இரண்டு அடி நீளம் இருக்கட்டும். அடியில் வேர் முளைக்கப் போகும் முண்டுகள் தெரிந்தால் நல்லது, ஏற்கெனவே வேர் நீண்டிருந்தால் இன்னும் நல்லது. கூர்மையான அரிவாளால் தாய்த் தண்டை ஒட்டி ஒரே வெட்டாக எடுங்கள். அடி இலைகளை உரித்துவிட்டு, மேலே இருக்கும் இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். வேர் இல்லாத தண்டால் அத்தனை இலைக்கும் தண்ணீர் தர முடியாது. ஆனால் நடுக் குருத்தில் கை வைக்கக் கூடாது. வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் கிடக்கட்டும்.

இனி இடம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: தாழை தண்ணீருக்குள் வாழும் செடி இல்லை, தண்ணீரின் கரையில் வாழும் செடி. தாமரை, அல்லி மாதிரி குளத்துக்குள் இறங்காது. இயற்கையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அடிமரம் கரை மேல் இருக்கும், முட்டு வேர்கள் தண்ணீரை நோக்கி இறங்கும். வளர்ந்த பிறகு வாரக்கணக்கில் அடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். கன்றாக இருக்கும்போது தாங்காது. எனவே பள்ளத்தின் நடுவில் குழி தோண்டி நடாதீர்கள். பள்ளத்திலிருந்தே மண் எடுத்து, அதன் ஓரத்தில் ஒரு அடி உயரம், நாலு அடி அகலத்துக்குக் கரை போடுங்கள். வெளியிலிருந்து ஒரு கூடை மண்கூட வேண்டாம். பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும், கரை உயரும், தண்ணீர் நிற்கும் கொள்ளளவு குறையவே குறையாது. அந்தக் கரையின் மேல், தண்ணீர்ப் பக்கம் லேசாகத் தள்ளி, ஒன்றரை அடிக் குழி எடுத்து, மக்கிய சாணமும் மணலும் கலந்து போட்டு, கன்றை ஒரு சாண் ஆழம் மட்டும் புதையுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகல்தான் வரும். ஆடாமல் இருக்க இரண்டு பக்கம் குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். வேர் விடும் நேரத்தில் ஆட்டம் காணக் கூடாது.

முதல் ஐப்பசியில் தண்ணீர் கரையின் பாதி வரை வரலாம், அடித்தண்டு மூழ்கக் கூடாது. மழை மிஞ்சினால் கரையை இன்னும் அரை அடி உயர்த்துங்கள். அந்த ஒரு பருவத்தைத் தாண்டிவிட்டால், கோடையில் வாரம் இரண்டு தண்ணீர், அதுவும் உங்கள் உப்பு போர் தண்ணீரே போதும். உப்புக் காற்றிலும் உப்பு மணலிலும் வளர்ந்து பழகிய செடி இது. அடியில் தென்னை மட்டையோ காய்ந்த சருகோ போட்டு மூடிவையுங்கள். முதல் இரண்டு வருஷம் கோரையும் அருகும் நெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம், வருஷம் ஒரு முறை ஒரு கூடை மக்கிய எரு போதும். வெயில் மட்டும் நாள் முழுக்க வேண்டும். மாமரத்து நிழலில் வைத்தால் இலை நீளும், பூ வராது.

எவ்வளவு இடம் வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். நன்றாக வந்துவிட்ட தாழை பத்து, பன்னிரண்டு அடி உயரத்துக்குப் போகும், அகலம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இலை நீளம் நாலைந்து அடி. எனவே வீட்டுச் சுவர், நடைபாதை, துணி காயப்போடும் கொடி, பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாவற்றிலிருந்தும் பத்து அடியாவது தள்ளி வையுங்கள். ஆல், அரசு மாதிரி அஸ்திவாரத்தைப் பிளக்கும் வேர் இதற்கு இல்லை. தென்னை, பனை போல இதுவும் ஒருவித்திலைத் தாவரம், வேர் வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகாது. ஆனால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வைத்தால் முட்டு வேர்கள் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் இறங்கும், காய்ந்த மட்டையை எடுக்கவும் கை நுழையாது. அண்டை வீட்டுப் பக்கம் இலை நீண்டு, முள் குத்தி மனஸ்தாபம் வரும். சுவரிலிருந்து ஆறேழு அடி விட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

உங்கள் மனையில் அந்த அளவு இடம் இல்லை என்றால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு தாழையை விட்டுவிடுங்கள். வருஷா வருஷம் வெட்டிச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். காரணம் இதுதான்: தாழம்பூ கிளையின் நுனியில் வரும். பூத்து முடிந்த கிளை அதற்குமேல் நேராக வளராது, கீழிருந்து இரண்டு மூன்று புதுக் கிளை விடும், பிறகு அவை பூக்கும். நுனியை வெட்டி வெட்டி உருண்டையாக நிறுத்தினால் பூக்க வேண்டிய இடத்தையே வெட்டி எறிகிறீர்கள். முள் மட்டும் மிஞ்சும். தொட்டியில் வைப்பதும் இதே கதைதான், செடி உயிரோடு இருக்கும், பூ வருவது அரிது.

இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் சொல்வது நொச்சி. இதுவும் ஆற்றங்கரை, ஓடைக்கரைக்குச் சொந்தமானது. குச்சியை வெட்டி ஊன்றினால் வந்துவிடும், எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும், ஊதா நிறக் கொத்துப் பூவுக்குத் தேனீ வரும், ஆடு மாடு கடிக்காது, இலை ஆவி பிடிக்கவும் கொசுவுக்குப் புகை போடவும் ஆகும். உப்பு அதிகமான மண்ணில் வேலியாகக் கத்தரித்து வைக்க வேண்டும் என்றால் சங்கங்குப்பி நல்லது. கடலோரக் கழிமுகங்களில் தானாக வளர்வது, வெள்ளைப் பூவில் நீண்ட சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் தாழம்பூ ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இடத்துக்குப் பொருந்தாத செடியை வைத்துவிட்டு நாலு வருஷம் கழித்து ஆள் வைத்து வெட்டுவதைவிட இது மேல்.

பாம்புக்கு வருவோம். தாழம்பூ வாசனைக்குப் பாம்பு வரும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். பூவின் வாசனையில் பாம்புக்கு ஒரு வேலையும் இல்லை, அது தேடுவது எலியையும் தவளையையும் ஒளிய ஒரு இடத்தையும். பராமரிக்காத தாழம்புதரில் இந்த மூன்றும் கிடைக்கும். காய்ந்த இலைகள் உதிராமல் அடிமரத்தைச் சுற்றித் தொங்கிக்கொண்டே இருக்கும், அதற்குள் எலி கூடு கட்டும். மழைக் காலத்தில் பள்ளத்தில் தவளை கத்தும். முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டே போவதில்லை. எனவே அது நல்ல மறைவிடம் ஆகிவிடுகிறது. ஊர்ச் சொல்லுக்கு அனுபவம் அடிப்படையாக இருந்திருக்கிறது, காரணம் மட்டும்தான் மாறிவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான்: மாசி, பங்குனியில் பள்ளம் காய்ந்ததும் வருஷம் ஒரு முறை அடியைச் சுத்தம் செய்யுங்கள். முழுக்கைச் சட்டை, தடித்த தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இலை நுனி சரியாக முகத்துக்கு நேரே நிற்கும். முதலில் நீளக் கம்பால் புதரைத் தட்டிவிட்டுப் பிறகு கை வையுங்கள். காய்ந்த இலையைத் துரட்டியால் கீழ்நோக்கி இழுத்தால் கழன்று வரும். பச்சை இலையை வெட்ட வேண்டாம். அடியில் புதிதாக முளைத்த பக்கக் கன்றுகளில் வேண்டாதவற்றை அப்போதே எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் செடி ஆண் என்று தெரிந்துவிட்ட பிறகு அந்தக் கன்றுகளுக்கு மதிப்பே தனி. தரையிலிருந்து இரண்டடிக்கு அடிமரமும் வேர்களும் வெளிச்சம் பட, ஊடே தரை தெரியும்படி இருந்தால் எலி தங்காது. செடிக்குப் பக்கத்தில் விறகு, செங்கல், ஓடு அடுக்காதீர்கள். கோழித் தீவனம், சமையல் கழிவு அந்தப் பக்கம் போட வேண்டாம். இவ்வளவு செய்தும் மழைக் காலத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்து போகலாம், அதற்கு விஷம் இல்லை. சதுப்பு நிலத்தை ஒட்டி வீடு கட்டியவர்கள் எந்தச் செடி வைத்தாலும் வைக்காவிட்டாலும் இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் நடக்கக் கூடாது.

பாம்பைவிட நான் கவலைப்படுவது கொசுவுக்கு. இதை யாரும் சொல்வதில்லை. இலை தண்டோடு சேரும் இடம் குழிவாக இருக்கும், அதில் மழைநீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரி இலைக் கக்கங்களில் முட்டையிடும். அன்னாசித் தோட்டங்களிலும் இதே பிரச்சினை உண்டு. செடி சின்னதாக இருக்கும் வரை, மழை விட்ட நாட்களில் வாரம் ஒரு முறை ஹோஸ் பைப்பால் குருத்தைச் சுற்றி வேகமாகத் தண்ணீர் அடித்துப் பழைய நீரைத் தள்ளிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் கொசுப் புழு கொசுவாகிவிடும், அதற்குள் கலைத்துவிட்டால் போதும். கீழே பள்ளத்தில் நிற்கும் தண்ணீரில் தவளைக் குஞ்சும் தும்பியின் இளம்புழுவும் இருந்தால் அவையே கொசுப் புழுவைத் தின்றுவிடும். அதனால் அதில் மருந்து எதுவும் ஊற்றாதீர்கள், எரிந்த ஆயிலும் வேண்டாம். சில வருஷத்தில் செம்போத்தும் கானாங்கோழியும் அந்தப் பக்கம் நடமாடத் தொடங்கும், முட்புதர் இரண்டுக்கும் பிடிக்கும்.

நோய், பூச்சி என்று தாழைக்குப் பெரிய தொந்தரவு இல்லை. குருத்தில் மாவுப்பூச்சி அடைந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும்.

பூ. மூன்றாவது, நான்காவது வருஷம் ஆடி, ஆவணி வாக்கில் குருத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பச்சை இலைகளுக்கு நடுவில், வழக்கமான குருத்தைவிட வெளுத்து, தடித்து, ஒரு முழ நீளத்துக்கு மொட்டு எழும். பழைய பாட்டுக்காரர் அதை யானைத் தந்தம் என்று சொன்னது சும்மா இல்லை, நிறமும் வளைவும் அப்படியே இருக்கும். மடல் விரியத் தொடங்கும் அன்று காற்று அடிக்கும் பக்கமெல்லாம் வாசனை போகும். உள்ளே மடலுக்கு மடல் ஒரு கதிர், அதில் மாவு மாவாக மகரந்தம். மடல் முழுக்க மலர்ந்து மகரந்தம் கொட்டிவிட்டால் வாசனை சட்டென்று இறங்கிவிடும். எனவே விரியத் தொடங்கிய உடனே, விடியற்காலையில் துரட்டியில் அரிவாள் கட்டி, கிளையைச் சிதைக்காமல் பூவின் காம்பில் மட்டும் வெட்டுங்கள். மடலின் ஓரத்திலும் முள் உண்டு. அதைக் கத்தரியால் நறுக்கிவிட்டுத்தான் தலையில் வைக்கக் கொடுக்க வேண்டும். மீதி மடல்களை நிழலில் ஆறவிட்டுப் புடவை மடிப்புக்குள் வைத்தால் மாதக்கணக்கில் மணக்கும்.

வரலட்சுமி நோன்பு பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் வரும். கலசத்தில் வைக்கத் தாழம்பூ தேடி அலைவார்கள், கடையில் ஒரு மடலே நல்ல விலை போகும். அக்கம்பக்கத்தில் நோன்பு எடுப்பவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வெட்டின அன்றே கொடுக்க வேண்டியிருக்கும். கோயிலுக்குக் கொடுப்பதானால் அம்மன் சந்நிதிக்குக் கொடுங்கள். அடிமுடி தேடிய கதையில் பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ என்பதால் சிவனுக்குச் சாத்த மாட்டார்கள், குருக்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்.